வீட்டுப்பாடம் யாருக்கு?

மாலை மணி அடிக்கிறது. தொடக்கப் பள்ளியின் வாயிலிலிருந்து இரண்டு சிறுவர்கள் வெளியே வருகிறார்கள். இருவரும் ஒரே வகுப்பு. ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, ஒரே பாடம். இருவர் பையிலும் ஒரே வகைக் குறிப்பேடு. அதிலே ஒரே கட்டளை: பத்துக் கணக்குகள் போட்டு வருக. ஒரு பக்கம் கட்டுரை எழுதி வருக. பெற்றோர் கையொப்பம் பெற்று வருக! தெருமுனை வரை தோளோடு தோள் சேர நடக்கிறார்கள். தெருமுனையிலே பிரிகிறார்கள்.

ஒருவன் வீட்டிலே மேசை உண்டு, விளக்கு உண்டு, பட்டம் பெற்ற தாய் உண்டு. அவன் தடுமாறினால் அவள் சொல்லித் தருகிறாள். அவன் சோர்ந்தால் அவளே எழுதியும் தருகிறாள். மற்றவன் வீட்டிலே, நாலு வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டு அப்போதுதான் திரும்பிய தாய், அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறாள். குறிப்பேட்டைத் தலைகீழாக நீட்டினாலும் வேறுபாடு தெரியாத கண்கள் அவளுக்கு. ஆனால் மகன் முகம் வாடியிருப்பதை நொடியிலே கண்டுகொள்ளும் கண்கள்!

மறுநாள் காலை இரண்டு குறிப்பேடுகளும் ஆசிரியரின் மேசைமீது இருக்கின்றன. ஒன்றிலே "மிக நன்று" என்று எழுதப்படுகிறது. மற்றொன்றிலே "கவனம் போதாது" என்று எழுதப்படுகிறது. மதிப்பிடப்பட்டது யார்? பிள்ளைகளா, அவர்களைப் பெற்றவர்களா? அந்தச் சிவப்பு மையின் தீர்ப்பு அறிவுக்கு அளிக்கப்பட்டதா, பிறப்புக்கு அளிக்கப்பட்டதா?

சிறு கேள்விதான், ஆனால் ஒரு சமுதாயத்தின் நேர்மையை நிறுத்துப் பார்க்கும் கேள்வி.

பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! பள்ளியைச் சேர்ந்தவர், "பெற்றவர்களுக்கு அக்கறை வேண்டாமா? வீட்டிலே கவனிக்காவிட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்பார். வீட்டைச் சேர்ந்தவர், "அனுப்பி வைத்தாயிற்று; இனி வாத்தியார் பாடு, பிள்ளை பாடு" என்பார். முதல் விடை, பள்ளியின் தோளிலிருந்து பாரத்தை இறக்குகிறது. இரண்டாம் விடை, வீட்டின் தோளிலிருந்து பாரத்தை இறக்குகிறது. இருவரும் இறக்கிவிட்ட பாரம் எங்கே போய்ச் சேருகிறது? ஏழு வயதுக் குழந்தையின் முதுகின்மீது!

எனவே, எது பள்ளியின் கடமை, எது வீட்டின் கடமை என்று பிரித்துக் காணவேண்டியிருக்கிறது. இரண்டையும் கலந்தால் இருவருமே தப்பித்துக்கொள்வர். இரண்டையும் சரியாகப் பிரித்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடத் தலைநிமிர்ந்து செய்யத்தக்க பணி ஒன்று உண்டு என்பது விளங்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதியதன்று. 1953ஆம் ஆண்டிலே, அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணியாகச் சுருங்கிற்று. எஞ்சிய பொழுதிலே பிள்ளை, வீட்டிலிருந்து பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகவேண்டும் என்றது அந்தத் திட்டம். இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற ஆசிரியரையும் கொண்டே, முறை வைத்து, மேலும் பல பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்று அதை ஆதரித்தோர் வாதாடினர். நாடு அந்த வாதத்தை ஏற்கவில்லை. "குலக்கல்வி" என்று அதற்குப் பெயரிட்டது, கொதித்தெழுந்தது. 1954ஆம் ஆண்டிலே இராசாசி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பின் உயிர்நாடி எது? குயவனின் சக்கரம் தாழ்ந்தது என்று எவரும் சொல்லவில்லை. உழவனின் ஏர் இழிந்தது என்று எவரும் சொல்லவில்லை. தந்தையின் இன்றைய நிலை, மகனின் நாளைய எல்லையாகிவிடக் கூடாது என்பதே வாதம். வீட்டிலே இருப்பதைத் தருவதற்கு வீடு போதும். வீட்டிலே இல்லாததைத் தருவதற்குத்தான் பள்ளி! பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டி, மீதியை வீட்டிடம் ஒப்படைத்தால், ஏடு நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏடு கிடைக்கும். ஏர் மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏர் மட்டுமே கிடைக்கும். இது கல்வித் திட்டமாகாது. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே உள்ள பள்ளத்தை ஆழப்படுத்தும் மண்வெட்டியாகும்.

அந்தத் திட்டம் போயிற்று. அதன் நிழலும் போயிற்றா?

வகுப்பிலே கற்பித்து முடிக்கவேண்டிய பாடம், "வீட்டிலே கேட்டுத் தெரிந்துகொள்" என்று பையிலே திணித்து அனுப்பப்படும்போது என்ன நடக்கிறது? அட்டையிலே உருவம் செய்து வா, கைப்பேசியிலே தேடிப் படம் ஒட்டி வா, ஆங்கிலத்திலே ஐந்து வாக்கியம் எழுதி வா என்று இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ஆணையிடும்போது, அந்த ஆணை உண்மையிலே யாருக்கு? இப்படி வேலை தரும் ஆசிரியர் எவரும் குலக்கல்வியை மனத்திலே வைத்துத் தருகிறார் என்று நாம் கூறவில்லை. நோக்கம் வேறு, ஒப்புக்கொள்வோம். விளைவு எது? கற்பிக்கும் பொறுப்பின் ஒரு பகுதி வீட்டுக்குப் போகிறது. வீட்டுக்குப் போனவுடனே, அது பெற்றோரின் படிப்புக்கும் பணத்துக்கும் ஏற்ப ஏறவும் இறங்கவும் தொடங்கிவிடுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் நூற்றுக்கு எழுபத்து மூவரே எழுத்தறிந்தவர்கள். எழுத்தறிந்த தாயர் பலருக்கும் ஆங்கிலவழிப் பாடநூல் பூட்டிய பெட்டிதான். சாவியைத் தராமல் பெட்டியை மட்டும் அனுப்பி வைப்பது எந்த வகை நீதி?

இது வெறும் ஐயமாயின் விட்டுவிடலாம். நாடே கண்ட சான்று ஒன்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீடே பள்ளியாயிற்று. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைப்பேசி பாடம் நடத்தியது. ஆனால் கைப்பேசி எல்லா வீட்டிலும் இருந்ததா? இருந்த ஒன்றும், காலையிலே தந்தையோடு வேலைக்குப் போய்விடவில்லையா? எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த எழுத்தையும் மறந்தனர். இழப்பை ஈடுசெய்யத் தன்னார்வலரைக் கொண்டு "இல்லம் தேடிக் கல்வி" என்று மாலை வகுப்புகளை 2021 அக்டோபரிலே அரசு தொடங்கவேண்டியதாயிற்று. வீட்டைப் பள்ளியாக்கினால் யார் உயர்வர், யார் வீழ்வர் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எதற்கு?

"வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளை எப்படித் தேறும்?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய துணைவரும், 1987 முதல் 2003 வரை அங்கு நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்புக்கு மேலே வலுவாக இருக்கிறது; அதற்குக் கீழே மிக மெலிந்து போகிறது என்பது அவர்கள் கண்டது. 2018இல் சென்னை உயர்நீதிமன்றம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளிலே முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று ஆணையிட்டது. 2020இல் இந்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையும், முதலிரண்டு வகுப்புக்கு வீட்டுப்பாடமே இல்லை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணிக்கு மேற்படக் கூடாது என்கிறது. வாரத்துக்கு, தோழர்களே! நாளுக்கு அன்று!

கற்பிக்கும் கடமை பள்ளியினுடையது என்று இதனால் பெறப்படும். அப்படியாயின், வீட்டுக்கு ஒன்றுமே இல்லையா? பெற்றோர் கைகட்டி நிற்கவேண்டியதுதானா?

இல்லவே இல்லை. கணக்குப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்த அளவு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி. உறக்கத்துக்கு நாளொன்றுக்குப் பத்து மணியைத் தள்ளினாலும் 5,110 மணி மிஞ்சுகிறது. அதிலே 800 மணி, ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய ஐந்து பங்கு பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தெருவிடமும் இருக்கிறது. அந்த நேரத்தை இன்னொரு பள்ளியாக்கினால் குழந்தை வதங்கும். வெறும் பாழாக விட்டால் பள்ளியிலே பெற்றதும் உலரும். அதை வீடாகவே வைத்துக்கொண்டு வளமாக்க வழி உண்டா?

உண்டு, இங்கிலாந்திலே அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இலண்டன் மாநகரில் ஹாரிங்கே என்பது உழைப்பாளரும் அயல்நாட்டுக் குடியேறியோரும் மிகுந்த பகுதி. ஜாக் டிசார்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் அங்குள்ள சில தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தி, 1982இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பகுதிப் பிள்ளைகள், பள்ளியிலே தந்தனுப்பிய புத்தகத்தை வீட்டிலே பெற்றோர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்தனர். மற்றொரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கூடுதலாகப் பயிற்சி அளித்தார். மூன்றாம் பகுதியினர் வழக்கம்போல் படித்தனர். இரண்டாண்டு சென்றபின் பார்த்தால், வீட்டிலே பெற்றோர் காதிலே விழப் படித்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தனர். தேர்ந்த ஆசிரியரின் கூடுதல் பயிற்சிகூட அவ்வளவு பலன் தரவில்லை. அந்தப் பெற்றோருள் ஆங்கிலம் அறியாதவர் இருந்தனர். எழுத்தே அறியாதவரும் இருந்தனர்! அவர்கள் செய்ததெல்லாம் என்ன? உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். அவ்வளவே!

கேட்பதிலே என்ன மந்திரம் இருக்கிறது? மந்திரம் எதுவும் இல்லை, காரணம் இருக்கிறது. எழுத்துக் கூட்டக் கற்கும் குழந்தை "ப...ட...கு" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடிக்கிறது. கடைசி எழுத்தைப் பிடிப்பதற்குள் முதல் எழுத்து நழுவிவிடுகிறது. சொல்லையே தொடுக்கமுடியாத நிலையில் பொருளை எங்கே காண்பது? மீண்டும் மீண்டும் வாய்விட்டுப் படிக்கப் படிக்கத்தான் எழுத்து கண்ணுக்குப் பழகும். கண்ணுக்குப் பழகியபின்தான் கருத்துக்கு இடம் கிடைக்கும். வகுப்பிலே முப்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு பாடவேளையிலே ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். வீட்டிலே பத்து நிமிடம் கேட்பதற்கு ஒரு காது கிடைத்தால், பத்து நாளிலே கிடைக்கவேண்டிய பயிற்சி ஒரே மாலையிலே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேலாக, "நான் படிப்பதைக் கேட்க என் வீட்டிலே ஒருவர் காத்திருக்கிறார்" என்ற எண்ணம், பள்ளிக்கு அனுப்பும் எந்தப் பரிசுப் பொருளையும்விட வலிமை வாய்ந்தது.

அடுப்படியிலே கீரை ஆய்ந்துகொண்டே இதைச் செய்யலாம். "படி, கண்ணு, கேட்கிறேன்" என்றால் போதும். தடுமாறும் சொல்லை உடனே பிடுங்கிச் சொல்லிவிடாமல், ஐந்து எண்ணும் அளவு பொறுத்தால், குழந்தையே தேடிக் கண்டுகொள்ளும். படித்து முடித்ததும், "சரி, நரி அப்புறம் என்ன செய்தது? ஏன் அப்படிச் செய்தது? நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை, அக்கறை வேண்டும். "ஏன்" என்ற சொல் எந்தப் பள்ளியின் தனிச்சொத்தும் அன்று.

ஏட்டுத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறு வேறாக இருப்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. வீட்டிலே "வந்துட்டான்" என்று பேசும் குழந்தை, ஏட்டிலே "வந்துவிட்டான்" என்பதைக் கண்டு திகைக்கிறது. ஏட்டிலுள்ள கதையைக் குழந்தை தன் வீட்டு மொழியிலே தாய்க்குத் திருப்பிச் சொல்லும்போது, இரண்டுக்கும் இடையே தானே ஒரு பாலம் கட்டிக்கொள்கிறது. பேசும் மொழியைக் "கொச்சை" என்று ஏளனம் செய்து அந்தக் குழந்தையின் வாயை அடைப்பது, பாலம் கட்டுபவனின் கையிலிருந்து கல்லைப் பிடுங்கி எறிவதாகும்.

கணக்குப் பாடத்திலும் இதே நிலைதான். ஐம்பதிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொன்னால், ஏட்டிலே முப்பத்தெட்டு என்று எழுதி வருகிறது குழந்தை. "மரமண்டை!" என்று தலையிலே ஒரு குட்டு விழுகிறது. குட்டுவதற்குப் பதிலாக, "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்டிருந்தால்? "பூச்சியத்திலே எட்டுப் போகாது, அதனாலே எட்டிலே பூச்சியத்தைக் கழித்தேன், எட்டு. ஐந்திலே இரண்டு போனால் மூன்று" என்று சொல்லியிருக்கும். பாருங்கள்! அது மூடத்தனமா? சிந்தனை இருக்கிறது, அது ஓரிடத்திலே வழி தவறியிருக்கிறது. வழி தவறியவனுக்கு வேண்டியது வழி, உதை அன்று.

அந்த வழியைக் காட்டப் பட்டம் பெற்றிருக்கவேண்டுமா? சந்தையிலே காய் விற்கும் தாயைப் பாருங்கள். இருபத்தெட்டு ரூபாய்க்குக் காய் வாங்கியவர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறார். அவள் கடன் வாங்கிக் கழிக்கிறாளா? "இருபத்தெட்டு... இந்தா ரெண்டு, முப்பது. இந்தா இருபது, ஐம்பது" என்று இருபத்திரண்டு ரூபாயைப் பிழையின்றி எண்ணி வைக்கிறாள். அது கணக்குதான், கலப்படமில்லாத கணக்கு. அந்தக் கணக்கை மகனுக்குக் காட்டலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அவளுடைய அறிவு அறிவே அன்று என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறோமே!

பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரிலே, தெருவில் பொருள் விற்கும் சிறுவர் ஐவரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். வாடிக்கையாளர் போலச் சென்று விலையும் மிச்சமும் கேட்டபோது, சிறுவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளிலே தந்தபோது, சரியான விடைகள் நூற்றுக்கு முப்பத்தேழாகச் சுருங்கிவிட்டன. அதே பிள்ளைகள், அதே மூளை! தெருவிலே பேரறிஞன், தாளிலே பெருமூடனா? குறை மூளையிலே இல்லை. தெருவுக்கும் தாளுக்கும் இடையே பாலம் போடாத கல்வி முறையிலே இருக்கிறது. அந்தப் பாலத்தின் ஒரு கரையிலே பள்ளி நிற்கிறது. மறு கரையிலே நிற்பவள் அந்தக் காய்கறிக்காரத் தாய்.

இந்த இடத்திலேதான் நம் பழைய பகை ஒன்று தலை நீட்டுகிறது. "இவனுக்குப் படிப்பு ஏறாது, இவன் தலையெழுத்து அப்படி!" என்கிறார்கள். தலையிலே எவரும் எழுதவில்லை, தோழர்களே! எழுதப்பட்டிருப்பது ஏட்டிலே, ஏட்டில் எழுதியதை அழித்தும் எழுதலாம். 1935இல் பெரியார் தம் "குடி அரசு" இதழிலே எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா, லை, ளை போன்ற பதின்மூன்று எழுத்துக்கள் மற்ற எழுத்துக்களின் வரிசைக்கு ஒவ்வாத தனி வடிவங்களிலே எழுதப்பட்டு, கற்போரைத் தடுக்கி விழச் செய்துகொண்டிருந்தன. தமிழ்நாடு அரசு 1978இலே அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன் கருத்து என்ன? குழந்தை தடுக்கி விழுகிறதா, கல்லை அகற்று. குழந்தையின் காலைக் குற்றம் சொல்லாதே என்பதுதான். எழுத்துக்குப் பொருந்தும் இந்த நீதி, கழித்தல் கணக்குக்குப் பொருந்தாதா?

"அடியாத மாடு பணியாது" என்பார் இன்னும் சிலர். மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்லுவதா? பணிவதற்காகவா பள்ளிக்கு அனுப்புகிறோம்? பள்ளியிலே உடலை வருத்துவதையும் மனத்தை வதைப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. பள்ளியிலே சட்டம் விலக்கிய பிரம்பை வீட்டிலே நாம் எடுத்து வைத்துக்கொண்டால், குழந்தை கற்கும் பாடம் ஒன்றே: தவறு தெரிந்தால் மறைத்துவிடு! தவற்றை மறைக்கக் கற்ற பிள்ளைக்குக் கணக்கும் வராது, பகுத்தறிவும் வராது. கேள்வி கேட்க அஞ்சும் பிள்ளையை வளர்த்துவிட்டு, ஊருக்குப் பகுத்தறிவு பேசுவது எவ்வளவு பெரிய முரண்!

வீடு தரவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அது நேரம். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மாநகராட்சி தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி ஆகிய இவையெல்லாம், பசித்த வயிற்றிலே பாடம் தங்காது என்பதை நாடு படிப்படியாக உணர்ந்ததற்குச் சான்றுகள். பள்ளி சோறு போடக் கற்றுக்கொண்டது. வீடு எதைக் கற்றுக்கொள்ளவேண்டும்? ஒரு பாய் விரிக்கும் இடம், ஒரு விளக்கின் வெளிச்சம், அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி வைக்கும் பொறுமை ஆகியவற்றைத் தரக் கற்றுக்கொள்ளவேண்டும். வீட்டிலே மகனுக்கு மட்டும் இந்த அரைமணியைத் தந்துவிட்டு, மகளைக் குடம் எடுக்கவும் தம்பியைத் தூக்கவும் அனுப்பினால், பள்ளியிலே பெற்ற சமத்துவத்தை வாசற்படியிலேயே பறித்துக்கொண்டதாகும். "அவள் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர் வீட்டிலே, குலக்கல்வி இன்னும் கோலோச்சுகிறது, கெடுபிடி அரசாணை எதுவும் அதற்குத் தேவையில்லை!

பெற்றோர் பள்ளியிடம் கேட்கவேண்டியதும் உண்டு. கையொப்பம் இடுவதோடு பெற்றோர் பங்கு முடிந்துவிடுவதில்லை. அரசுப் பள்ளிகளிலே பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும், அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று என்கிறது. எனவே, கைநாட்டு வைக்கும் தாய்க்கும், "என் மகள் எந்த எழுத்திலே தடுமாறுகிறாள்? அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஆசிரியரைக் கேட்கும் உரிமை உண்டு. அது பிச்சையும் அன்று, வம்பும் அன்று. மாதக் கூலியிலே ஒரு பகுதியைத் தனிப்பயிற்சிக்குக் கொட்டுவதற்கு முன், சட்டம் தந்த இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாமல்லவா?

"அப்படியானால் படித்த பெற்றோர் தம் பிள்ளைக்குச் சொல்லித் தருவது குற்றமா?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி, நேர்மையான விடை தருவோம். தன் மகளுக்குத் தாய் பாடம் சொல்லித் தருவது அன்பு. அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை, தேவையும் இல்லை. அந்த அன்பு இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கே வகுப்பிலே தேர்ச்சி என்று பள்ளி தன் முறையை அமைத்துக்கொள்வதுதான் அநீதி. ஒருவன் தன் தோட்டத்துக் கிணற்றிலே நீர் இறைத்துக்கொள்வது தவறன்று. அதைக் காட்டி, "எல்லோர் வீட்டிலும் கிணறு இருக்கும்" என்று சொல்லி ஊர்க்குழாயை மூடுவது தவறு. ஊர்க்குழாய் வற்றாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு, ஆசிரியரின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. கிணறில்லாத வீட்டுக்காரரும் குழாயிலே பிடித்த நீரைச் சிந்தாமல் கொண்டு வந்து, செடிக்கு ஊற்றலாம். அந்தச் சிந்தாத கைதான் நாம் மேலே சொன்ன கேட்கும் காது, பொறுக்கும் மனம், ஒதுக்கும் அரைமணி.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. ஒருகாலத்திலே நம் ஊர்களிலே படிப்பகங்கள் இருந்தன. தேநீர்க் கடையும் முடிதிருத்தும் நிலையமும்கூடப் படிப்பகங்களாயின. எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை விரித்து உரக்கப் படிப்பார்; எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்பர்; கேட்டு வாதாடுவர். ஒருவர் படிக்கப் பலர் கேட்பதிலே எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை நம் நாட்டுக்கு எந்த ஆய்வாளரும் வந்து சொல்லவேண்டியதில்லை. அன்று படித்தவர் பெரியவர். இன்று படிக்கவேண்டியவர் ஏழு வயதுப் பிள்ளை, கேட்கவேண்டியவர் பெரியவர். உங்கள் தெருவிலே, வேலைக்குப் போன பெற்றோர் இருட்டிய பிறகே திரும்பும் வீடுகள் எத்தனை என்று பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்க, நாளுக்கு அரைமணி உட்காருங்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கேள்வி கேட்கத் தயங்குபவர் பக்கத்திலே நில்லுங்கள்.

எழுத்தறியாத தாய் ஒருத்தி, "இன்றைக்கு என்ன கேள்வி கேட்டாய், கண்ணு?" என்று தன் மகளை நாள்தோறும் கேட்பாளாயின், அந்த வீட்டிலே ஒரு தலைமுறையின் தளை அறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தக்க வகுப்பறையை அமைத்துத் தருவது நாட்டின் கடன். இந்த இரண்டிலே எது குறைந்தாலும், தெருமுனையிலே பிரிந்துபோன அந்த இரு சிறுவர்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்தே போவார்கள்.